ஏஎம்டி64இல் எல்லா டெஸ்ட்டும் பாஸ், மற்ற ஆர்க்கிடெக்சர்களில் தொங்குகிறது: தமிழ்ச் சொற்பிழைதிருத்தி பேக்கேஜுக்கு உதவி தேவை

#1 பனையோலை (திங்கள், இரவு 9.40)

வணக்கம். நான்கு வருடமாக சி மொழியில் ஒரு தமிழ்ச் சொற்பிழைதிருத்தி லைப்ரரி எழுதிவருகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது. போன வாரம் டெபியன் லினக்ஸின் டெவலப்பர் ஒருவர் கைகொடுத்ததால் பேக்கேஜாகி, புதுப் பேக்கேஜுகள் முதலில் நுழையும் சிட் கிளைக்குள் போனது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டெபியன் ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும், அதாவது சிப் வகைக்கும், தனித்தனியாக பில்ட் செய்கிறது. இரண்டு நாள் கழித்து அந்த பில்ட் நிலவரப் பக்கத்தைத் திறந்தால் ஏஎம்டி64 (வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்கள்) ஒன்று மட்டும் பச்சை. மற்றதெல்லாம் சிவப்பு. பதிவுகளைப் படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:

ஐ386 (32 பிட் இன்டெல்): ஒரே ஒரு டெஸ்ட் ஃபெயில். "பளம்" என்று தப்பாகக் கொடுத்தால் முதல் பரிந்துரையாக "பழம்" வர வேண்டும். அங்கே "பலம்" முதலில் வருகிறது.

ஆர்ம்64, ஆர்ம்எச்எஃப் (இரண்டும் ஆர்ம்), பிபிசி64இஎல் (பவர்), ரிஸ்க்வி64 (ரிஸ்க்-ஃபைவ்): டெஸ்ட் ஆரம்பிக்கிறது, பிறகு அசைவே இல்லை. 150 நிமிடம் எந்த வெளியீடும் வராததால் பில்ட் நிறுத்தப்பட்டது என்பதுதான் கடைசி வரி.

எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேம்): அகராதிக் கோப்பைத் திறந்த உடனே விழுகிறது. "பதிப்பு 1 எதிர்பார்த்தேன், 16777216 வந்தது" என்கிறது என் டெஸ்ட்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு இன்டெல் லேப்டாப். மெயின்ஃபிரேமுக்கு நான் எங்கே போவது? டெஸ்ட்டுகளை மட்டும் அணைத்துவிட்டால் எல்லா இடத்திலும் பில்ட் ஆகிவிடும் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யலாமா? இல்லை, ஏஎம்டி64க்கு மட்டும் என்று பேக்கேஜின் கன்ட்ரோல் கோப்பில் போட்டுவிடலாமா?

#2 தறிநாடா (திங்கள், இரவு 10.15)

தம்பி, அவசரப்பட்டு டெஸ்ட்டை அணைக்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. 16777216 என்பது இரண்டின் 24ஆம் அடுக்கு. நான்கு பைட்டில் எழுதிய 1ஐத் தலைகீழாகப் படித்தால் வருகிற எண் அது. அதைப் பிறகு பார்ப்போம்.

தொங்குகிற நான்கும்தான் முதலில். கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கிற லூப் எங்காவது இருக்கிறதா? ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தரும் கெட்-சி திருப்பித் தருகிற மதிப்பை எந்த வகை மாறியில் வாங்குகிறீர்கள்?

#3 பனையோலை (திங்கள், இரவு 10.22)

இருக்கிறது அண்ணா. பயனரின் சொந்தச் சொற்பட்டியலைப் படிக்கும் இடம். "சார்" வகை மாறியில்தான் வாங்குகிறேன். எழுத்துதானே என்று.

#4 தறிநாடா (திங்கள், இரவு 11.05)

அதுதான்.

சார் வகைக்கு மைனஸ் உண்டா இல்லையா என்று சி மொழித் தரம் சொல்வதில்லை, அந்தந்த பிளாட்பாரத்தின் விருப்பம். லினக்ஸில் இன்டெல், ஏஎம்டி சிப்களில் அது சைன்ட்: -128 முதல் 127 வரை. ஆர்ம், பவர், எஸ்390எக்ஸ், ரிஸ்க்-ஃபைவ் எல்லாவற்றிலும் அன்சைன்ட்: 0 முதல் 255 வரை. கோப்பு முடிந்ததும் கெட்-சி -1 தருகிறது. அதை அன்சைன்ட் சாரில் வாங்கினால் 255 ஆகிவிடும். 255 எப்போதும் -1 ஆகாது, அதனால் லூப் முடிவதே இல்லை. கெட்-சி தருவது இன்ட் என்ற முழு எண் வகை. வாங்குவதும் இன்ட்டாக இருக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்பில் இது சரியான நிரல் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கேயும் 255 என்ற பைட் உள்ள கோப்பு வந்தால் பாதியிலேயே நின்றுவிடும். யூடிஎஃப்-8இல் அந்த பைட் வரவே வராது என்பதால் இத்தனை நாள் தப்பித்தது.

ஆர்மில் ஏன் இப்படி என்று எனக்கும் முதலில் கேள்வி இருந்தது. ஆரம்பகால ஆர்மில் ஒரு பைட்டை எடுத்து மேலே உள்ள பிட்களைப் பூஜ்யமாக்கும் கட்டளை மட்டும்தான் இருந்தது. குறியோடு எடுக்கும் கட்டளை ஆர்ம்வி4இல்தான் வந்தது. அன்சைன்டாக வைப்பதுதான் அன்றைக்கு மலிவு. அன்று எடுத்த முடிவு இன்றும் தொடர்கிறது. ஒரு எச்சரிக்கை: ஆப்பிள் தன் ஆர்ம் பிளாட்பாரத்தில் சாரை சைன்டாகவே வைத்திருக்கிறது. அதனால் "எம்1 மேக்கில் பாஸ் ஆகிறதே" என்று யாராவது சொன்னால் அதை ஆர்ம் லினக்ஸுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

தமிழில் வேலை செய்கிற நம்மை இது கூடுதலாகவே கடிக்கும். ஆங்கில எழுத்து எல்லாம் 127க்குள் அடங்கிவிடும். நம் "ழ" யூடிஎஃப்-8இல் 224, 174, 180 என்று மூன்று பைட். சைன்ட் சாரில் அதே மூன்றும் -32, -82, -76. ஆகவே நிரலில் இன்னும் மூன்று விஷயத்தைத் தேடிப் பாருங்கள். "பூஜ்யத்தைவிடக் குறைவென்றால் தமிழ்" என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? சாரை அப்படியே அட்டவணைக்குக் குறியீடாகக் கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு சொல்லை நீங்களே பைட் பைட்டாக ஒப்பிடும் இடம் உண்டா?

இதற்கு ஆர்ம் மெஷின் வேண்டியதில்லை. ஜிசிசி கம்பைலரில் அன்சைன்ட்-சார் ஃப்ளாக் இருக்கிறது. அதைப் போட்டு உங்கள் லேப்டாப்பிலேயே பில்ட் செய்யுங்கள். ஆர்மில் தொங்கியது உங்கள் கண்முன்னே தொங்கும்.

#5 பனையோலை (செவ்வாய், அதிகாலை 1.30)

தொங்குகிறது அண்ணா! என் லேப்டாப்பிலேயே! பத்து விநாடியில் பிடித்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன மூன்றும் இருக்கின்றன. "பூஜ்யத்தைவிடக் குறைவு" இரண்டு இடத்தில். அதாவது ஆர்மில் என் லைப்ரரி எந்தத் தமிழ்ச் சொல்லையும் தமிழ் என்றே எண்ணவில்லை. டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பகுதியில் அட்டவணைக் குறியீடு. அது ஏஎம்டி64இல்தான் தப்பு: மைனஸ் குறியீடாகிப் போய் அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைப் படித்துக்கொண்டிருந்தது. ஆர்மில் சரி. நான்கு வருடமாக என் கம்ப்யூட்டரில்தான் தப்பாக ஓடியிருக்கிறது.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கியது. அகராதியில் ஆங்கிலச் சுருக்கங்கள் கொஞ்சம் உண்டு. என் ஒப்பீட்டில் தமிழ் பைட்கள் மைனஸ் என்பதால் தமிழ்ச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு முன்னால் வரிசையாகியிருக்கின்றன. ஆர்மில் அதே ஒப்பீடு தமிழை ஆங்கிலத்துக்குப் பின்னால் தேடுகிறது. பைனரி தேடல் வழிதவறி, அகராதியில் இருக்கிற சொல்கூடக் கிடைக்காமல் போகும்.

#6 நேர்வழி (செவ்வாய், காலை 8.10)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் மூன்று பேக்கேஜ் பராமரித்தவன், இரண்டை விட்டுவிட்டேன். காரணம் இந்த மாதிரி ராத்திரிகள்தான். சார் விஷயம் சரி, ஆர்மை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், திருத்தட்டும். ஆனால் எஸ்390எக்ஸில் தமிழ்ச் சொற்பிழை திருத்தப் போகிறவர் யார்? டெபியனே எதையும் எப்போதும் சுமப்பதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ட்ரிக்ஸி பதிப்பில் மிப்ஸ் சிப்களுக்கான போர்ட்டுகளை எடுத்துவிட்டார்கள், ஐ386க்குக் கெர்னலும் இன்ஸ்டாலரும் இல்லை. அவ்வளவு பெரிய அமைப்பே கையிருப்பைப் பார்த்து முடிவெடுக்கும்போது, ராத்திரியில் மட்டும் நேரம் கிடைக்கிற ஒருவரிடம் எல்லாவற்றிலும் ஓட வை என்று கேட்பது நியாயமில்லை. ஏஎம்டி64, ஆர்ம்64 இரண்டும் போதும் என்று போட்டுவிட்டு, அகராதியில் சொல் சேர்க்கிற வேலையைப் பாருங்கள். தமிழுக்கு அதுதான் தேவை.

#7 கீழைக்காற்று (செவ்வாய், காலை 11.45)

நான் மெயின்ஃபிரேமில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். நேர்வழி சொல்வதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பெட்டியில் யாரும் தமிழ்க் கடிதம் தட்டச்சு செய்யப்போவதில்லை.

ஆனால் இன்று டெபியன் அதிகாரப்பூர்வமாக வெளியிடுகிற ஆர்க்கிடெக்சர்களில் பிக்-எண்டியன் இது ஒன்றுதான். பெரிய எண்ணின் மூத்த பைட்டை முதலில் வைக்கிற மெஷின் வேறு எதுவும் அந்த வரிசையில் மிச்சமில்லை. நினைவில் உள்ள அமைப்பை அப்படியே கோப்பில் கொட்டிவிட்டு அதைக் கோப்பு வடிவம் என்று சொல்கிற தப்பை, பைட் வரிசையைப் பொறுத்தவரை, இதைத் தவிர வேறு எந்த பில்டும் காட்டிக்கொடுக்காது. பனையோலையின் அகராதிக் கோப்புக்கு இதுவரை எழுத்தில் ஒரு வரையறை உண்டா? "என் லேப்டாப்பில் ஸ்ட்ரக்ட் எப்படி இருக்கிறதோ அப்படி" என்பதுதான் வரையறை என்றால், நாளைக்கு வேறு மொழியில் யாராவது அதைப் படிக்கும் நிரல் எழுத முடியாது. 32 பிட்டில் லாங் என்ற எண் வகை நான்கு பைட், 64 பிட் லினக்ஸில் எட்டு. பேடிங் (இடையில் விடும் வெற்று பைட்கள்) வேறு மாறும்.

மெஷின் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சிஃபார்ம் (முன்பு ஜிசிசி கம்பைல் ஃபார்ம்) என்று ஒன்று: கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பல ஆர்க்கிடெக்சர்களில், தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் கணக்கு தருகிறார்கள். ஐபிஎம்மின் லினக்ஸ்ஒன் கம்யூனிட்டி கிளவுடிலும் எஸ்390எக்ஸ் மெஷின் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

#8 தறிநாடா (செவ்வாய், மதியம் 1.20)

நேர்வழி, உங்கள் களைப்பு எனக்கும் தெரிந்த களைப்புதான். ஒரு ஆர்க்கிடெக்சரை விட்டுவிடுவது பாவம் இல்லை. புதுப் பேக்கேஜ் ஒரு இடத்தில் இதுவரை பில்ட் ஆனதே இல்லை என்றால், டெஸ்டிங் கிளைக்குப் போவதை அது தடுக்காது. முன்பு பில்ட் ஆகி இப்போது ஆகவில்லை என்றால்தான் தடை. அதாவது எஸ்390எக்ஸ் சிவப்பாகவே இருந்தாலும் பனையோலையின் பேக்கேஜ் ஏஎம்டி64 பயனரைப் போய்ச் சேரும்.

நான் மறுப்பது டெஸ்ட்டை அணைப்பதை. பில்ட் ஆகாவிட்டால் அங்கே உள்ளவருக்குப் பேக்கேஜ் கிடைக்காது, அவ்வளவுதான் நஷ்டம். டெஸ்ட்டை அணைத்து பில்ட் செய்தால் அவருக்குப் பேக்கேஜ் கிடைக்கும், ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாத சொற்பிழைதிருத்தி கிடைக்கும். பனையோலை திங்கள்கிழமை கேட்டதுபோலச் செய்திருந்தால் ராஸ்பெரி பை வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அதுதான் போயிருக்கும். யாரும் வழு என்று எழுதக்கூட மாட்டார்கள். "தமிழ் மென்பொருள் அப்படித்தான்" என்று நீக்கிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு வலித்திருக்கிறது.

#9 வல்லை (செவ்வாய், மாலை 6.30)

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். பனையோலை அண்ணை, உங்கட லைப்ரரியை நான் போன வருஷமே சோர்ஸில இருந்து எடுத்துப் பாவிச்சனான். அண்டைக்கே எழுதியிருக்க வேணும், பிந்திப் போச்சு.

எங்கட ஊர் வாசிகசாலையில ஒரு பழைய கோர் 2 டுவோ மெஷின் கிடக்கு. பிள்ளையள் கட்டுரை எழுதிறதுக்கு. என்ர புது லேப்டாப்பில பேக்கேஜ் கட்டி, யுஎஸ்பியில கொண்டு போய் அங்க போட்டனான். திறந்த உடன "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" எண்டு செத்துப் போச்சு. மெஷின்தான் பழுது எண்டு நினைச்சு ராம் எல்லாம் கழட்டிப் பூட்டினன். பிறகுதான் உங்கட மேக்ஃபைலில மார்ச்-நேட்டிவ் ஃப்ளாக் கிடக்கிறதைக் கண்டனான். அதை எடுத்துப்போட்டுத் திரும்பக் கட்டினாப் பிறகு ஓடிச்சுது. பேக்கேஜில அது இன்னும் இருக்கோ?

#10 பனையோலை (செவ்வாய், மாலை 6.52)

ஐயோ. இருக்கிறது. வேகமாக ஓடும் என்று எங்கோ படித்துவிட்டு ஏஎம்டி64க்கு மட்டும் போட்டது. உங்களுக்கு அவ்வளவு அலைச்சல் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

#11 தறிநாடா (செவ்வாய், இரவு 7.30)

வல்லை, நல்ல வேளை எழுதினீர்கள். இதை எந்த டெஸ்ட்டும் பிடிக்காது. அந்த ஃப்ளாக் "பில்ட் செய்யும் இந்த மெஷினில் என்னென்ன கட்டளை உண்டோ எல்லாவற்றையும் பயன்படுத்து" என்கிறது. டெஸ்ட்டும் அதே மெஷினில்தான் ஓடுகிறது, அதனால் பாஸ். பில்ட் சர்வர் புதிய சிப், பயனரிடம் பழைய சிப் என்றால் அங்கேதான் உடைகிறது. டெபியனின் ஏஎம்டி64 அடிமட்டம் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி வரைதான். அதற்கு மேல் ஏவிஎக்ஸ் எல்லாம் வேண்டுமென்றால் ஓடும்போது சிப்பைக் கேட்டு, இருந்தால் மட்டும் அந்தப் பாதையில் போக வேண்டும். உங்கள் லைப்ரரிக்கு அது தேவையே இல்லை. எடுத்துவிடுங்கள்.

இதே மாதிரி ஆர்ம்எச்எஃப் பெயரிலும் ஒரு குழி உண்டு. டெபியனின் ஆர்ம்எச்எஃப் ஆர்ம்வி7க்கு. ராஸ்பியன் அதே பெயரை வைத்துக்கொண்டு ஆர்ம்வி6க்குக் கட்டுகிறது, முதல் பையும் பை ஜீரோவும் ஓட வேண்டும் என்பதற்காக. டெபியன் பேக்கேஜை எடுத்து பை ஜீரோவில் போட்டால் வாசிகசாலையில் பார்த்த அதே செய்திதான் வரும்.

#12 முகில் (செவ்வாய், இரவு 9.15)

நான் பைத்தான் பக்கம். இந்த லைப்ரரிக்கு வீல் (பைத்தான் பேக்கேஜ்) கட்டித் தர ஆசை. சிஐபில்ட்வீல் கருவியைப் போட்டால் க்யூஎமு எமுலேட்டரை வைத்து மற்ற ஆர்க்கிடெக்சருக்கும் கட்டித் தரும். கிட்ஹப்பில் 2025 தொடக்கத்திலிருந்து பொது ரெப்போக்களுக்கு ஆர்ம்64 லினக்ஸ் ரன்னரும் (டெஸ்ட் ஓட்டும் மெஷின்) இலவசம். மற்றதை க்யூஎமுவிலேயே டெஸ்ட் செய்துவிட்டால் போதாதா? உண்மையான மெஷின் எதற்கு?

#13 தறிநாடா (செவ்வாய், இரவு 10.40)

க்யூஎமுவை நான் தினமும் பயன்படுத்துகிறேன். பைட் வரிசை, சார் குறி, 32 பிட் அளவு, இவற்றுக்கு நம்பலாம். மெதுவாக ஓடும், டைம்அவுட்டைத் தாராளமாக வையுங்கள்.

நம்பக்கூடாத இடம் ஒன்று த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள். இன்டெல் சிப் ஒரு த்ரெட் எழுதிய வரிசையிலேயே மற்ற த்ரெட்டுக்குக் காட்டும். ஆர்ம், பவர் சிப்கள் அந்த உறுதி தருவதில்லை. லாக் (பூட்டு) இல்லாமல் ஒரு கொடி மாறியை வைத்து "தயார்" என்று சொல்கிற நிரல் இன்டெல்லில் வருடக்கணக்கில் ஓடும், ஆர்மில் என்றைக்காவது ஒரு நாள் அரைகுறைத் தரவைப் படிக்கும். க்யூஎமு ஓடுவது இன்டெல் மேல்தானே, அதனால் அந்த வழு உள்ளே மறைந்துகொள்ளும். இதற்கு உண்மையான ஆர்ம் வேண்டும், இத்தகைய வழுவைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசரும் வேண்டும்.

அலைன்மென்ட் இன்னொன்று. நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட் எண்ணைப் படித்தால் இன்டெல் பேசாமல் கொடுத்துவிடும், ஸ்பார்க் மாதிரி மெஷின் பஸ் எரர் போட்டு நிறுத்தும். எமுலேட்டரில் பாஸ் ஆனதை நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட தப்பைப் பிடிக்கும் யூபிசான் என்ற கம்பைலர் வசதியைப் போட்டு உங்கள் லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம்.

#14 வல்லை (செவ்வாய், இரவு 11.10)

என்னட்ட பை 5 இருக்கு. அதில கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கிற பக்க அளவு 16 கேபி, 4 கேபி இல்லை. ஜெமாலக் எண்ட நினைவக லைப்ரரியை 4 கேபிக்கெண்டு கட்டினது அதில ஓடாமல் கன பேர் மாட்டுப்பட்டவை. பனையோலை அண்ணை, அகராதியை எம்மேப் பண்ணேக்க (கோப்பை நேர நினைவகத்தோட இணைக்கேக்க) 4096 எண்டு நேர எழுதியிருக்கிறியளோ? நாளைக்கு நான் பையில பாத்துச் சொல்லுறன்.

#15 பனையோலை (புதன், இரவு 11.50)

இன்று செய்த வேலைகளை எழுதிவிடுகிறேன்.

சார் வழு மொத்தம் ஆறு இடம், திருத்தியாயிற்று. மார்ச்-நேட்டிவ் போயிற்று. வல்லை கேட்ட 4096 இருந்தது. சொல் அதிர்வெண் பகுதியை மட்டும் தனியாக எம்மேப் செய்யும் இடம். தொடக்கப் புள்ளி பக்க அளவின் மடங்காக இல்லாவிட்டால் கெர்னல் மறுத்துவிடும். என் டெஸ்ட்டில் அந்தப் பாதையே இல்லை. கோப்பு முழுவதையும் ஒரே எம்மேப்பாக மாற்றிவிட்டேன், அந்தப் பாதைக்கு டெஸ்ட்டும் எழுதிவிட்டேன்.

பைட் வரிசைக்கு: கட்டி முடித்த அகராதியை சோர்ஸோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது பில்ட் நேரத்திலேயே சொற்பட்டியலிலிருந்து கட்டும்படி செய்துவிட்டேன். எஸ்390எக்ஸ் தனக்கு ஏற்ற வரிசையில் தானே கட்டிக்கொள்ளும். க்யூஎமுவில் எஸ்390எக்ஸ் போட்டுப் பார்த்தேன், அந்த டெஸ்ட் பாஸ்!

ஒரு வருத்தம்: தொங்கல் தீர்ந்ததும் ஆர்ம்64இலும் அந்த "பளம்" டெஸ்ட் ஃபெயில். ஐ386இல் வந்த அதே தப்பு.

#16 கீழைக்காற்று (வியாழன், காலை 10.05)

பனையோலை, அகராதி எந்தப் பேக்கேஜில் இருக்கிறது? தரவுக்கென்று தனிப் பேக்கேஜ் வைத்து, ஆர்க்கிடெக்சர் "ஆல்" என்று போட்டிருக்கிறீர்கள் என்றால் சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. "ஆல்" பேக்கேஜ் ஒரே ஒரு முறைதான் கட்டப்படும், எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் அதே கோப்பு போகும். அது ஏஎம்டி64 மெஷினில் கட்டப்பட்டால் எஸ்390எக்ஸில் இன்ஸ்டால் ஆவது லிட்டில்-எண்டியன் அகராதி. பில்ட் நேர டெஸ்ட் தன் கையால் கட்டிய கோப்பைப் படிப்பதால் பாஸ் ஆகும். பயனரின் மெஷினில் மறுபடி 16777216.

லைப்ரரி பேக்கேஜுக்குள்ளேயே வைத்து மல்டி-ஆர்ச் "சேம்" என்று போட்டாலும் ஆகாது. இரண்டு ஆர்க்கிடெக்சர் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும்போது பொது இடத்தில் உள்ள கோப்பு இரண்டிலும் பைட் பைட்டாக ஒன்றாக இருக்க வேண்டும்.

கோப்பு வடிவத்தையே லிட்டில்-எண்டியன் (இளைய பைட் முதலில்) என்று எழுதி நிலைநிறுத்துங்கள். படிக்கும்போது நான்கு பைட்டைத் தனித்தனியாக எடுத்து ஷிஃப்ட் செய்து சேர்த்தால் எந்த மெஷினிலும் ஒரே விடை. அலைன்மென்ட் கவலையும் அதோடு போய்விடும்.

#17 தறிநாடா (வியாழன், மதியம் 12.30)

கீழைக்காற்று சொன்னது பொன்னான வார்த்தை. ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். அது சோர்ஸ் மரத்தைத் தொடாமல், இன்ஸ்டால் ஆன பேக்கேஜை வைத்துச் சோதிக்கும். டெபியனின் சிஐ (தானியங்கிச் சோதனை அமைப்பு) அதைப் பல ஆர்க்கிடெக்சரில் ஓட்டும். பெரிய டெஸ்ட் வேண்டாம். நூறு சொல்லைக் கொடுத்து எது சரி, எது தப்பு என்று கேட்டாலே போதும்.

இனி "பளம்". பரிந்துரைகளை வரிசைப்படுத்தும் மதிப்பெண்ணை டபுள் என்ற தசம எண் வகையில் கூட்டுகிறீர்கள், சரியா? பழம், பலம் இரண்டும் ஒரே எழுத்து தூரம், ள-ழ, ள-ல என்று. இரண்டின் மதிப்பெண்ணும் ஏறக்குறைய சமமாக வந்திருக்கும். ஐ386இல் ஜிசிசி பழைய எக்ஸ்87 பகுதியில் 80 பிட் துல்லியத்தில் கணக்குப் போடுகிறது. ஆர்ம்64இல் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கி ஒரு முறைதான் முழுதாக்கும். ஏஎம்டி64 அடிமட்டத்தில் அந்தக் கட்டளை இல்லை, இரண்டு முறை முழுதாக்கும். மூன்றுமே அனுமதிக்கப்பட்ட கணக்குதான். கடைசி இலக்கம் மாறும், வரிசை புரண்டுவிடும்.

அதனால் எந்த ஆர்க்கிடெக்சரும் தப்பு செய்யவில்லை. சமமாக வந்தால் எதை முன்னால் வைப்பது என்று உங்கள் லைப்ரரி இதுவரை முடிவு செய்யவே இல்லை. ஏஎம்டி64இல் பழம் முதலில் வந்தது தற்செயல்.

#18 நேர்வழி (வியாழன், இரவு 8.45)

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் கருத்தில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன்: எஸ்390எக்ஸில் பயனர் இல்லாவிட்டாலும் அந்தச் சிவப்புப் பெட்டி இல்லாவிட்டால் கோப்பு வடிவத்துக்கு வரையறையே வந்திருக்காது. ஆனால் ஐ386க்காகத் தனியாக ஃப்ளாக் போட்டுச் சிக்கலாக்க வேண்டாம் என்பதில் மாறவில்லை. கம்பைலரை அடக்குவதைவிட மதிப்பெண்ணை முழு எண்ணாக்கிவிடுங்கள். மதிப்பெண்ணில் வரும் மடக்கை (லாகரிதம்) மதிப்பை அகராதி கட்டும்போதே ஆயிரத்தால் பெருக்கி முழுதாக்கி எழுதிவிட்டால், பயனர் மெஷினில் முழு எண் கூட்டல் மட்டும்தான். அது எங்கேயும் மாறாது. என் பழைய பேக்கேஜ் ஒன்றில் இதைச் செய்யாமல்தான் ஒரு வருடம் அவதிப்பட்டேன்.

#19 முகில் (வியாழன், இரவு 9.00)

நேர்வழி அண்ணா சொன்னதற்கு என் ஓட்டும். ரிஸ்க்-ஃபைவையும் மறந்துவிடாதீர்கள். டெபியனில் ட்ரிக்ஸியில்தான் முதன்முதலாக அதிகாரப்பூர்வ ஆர்க்கிடெக்சர் ஆனது. சென்னை ஐஐடியின் சக்தி புராசசரும் ரிஸ்க்-ஃபைவ்தான். நம் ஊரில் வடிவமைத்த சிப்பில் நம் எழுத்துப்பிழை திருத்தி ஓடுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

#20 பனையோலை (ஞாயிறு, மாலை 5.15)

புதுப் பதிப்பு போயாயிற்று. நிலவரம்:

அகராதிக் கோப்பு வடிவம் இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டு சோர்ஸோடு இருக்கிறது. எல்லா எண்ணும் லிட்டில்-எண்டியன், நான்கு பைட், அன்சைன்ட். மதிப்பெண் முழு எண். சமமானால் எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அது முன்னால், அதுவும் சமமென்றால் யூனிகோட் வரிசை. எங்கள் வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் "பளம்" என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லுக்கு எது முதலில் வர வேண்டும் என்பதை ஒரு கணக்குப் பிசிறு தீர்மானித்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைக்கிறது.

ஏஎம்டி64, ஆர்ம்64, ஆர்ம்எச்எஃப், ஐ386, பிபிசி64இஎல், ரிஸ்க்வி64 எல்லாம் பச்சை. எஸ்390எக்ஸும் பில்ட் ஆகிவிட்டது. டெஸ்ட் எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஒன்றைக்கூட அணைக்கவில்லை. இனி ஒவ்வொரு கமிட்டுக்கும் அன்சைன்ட்-சார் ஃப்ளாக்கோடு ஒரு பில்ட், யூபிசானோடு ஒரு பில்ட், க்யூஎமு எஸ்390எக்ஸில் ஒன்று என்று வைத்துவிட்டேன். ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் எஸ்390எக்ஸில் ஓடுவதற்குக் காத்திருக்கிறேன்.

#21 வல்லை (ஞாயிறு, இரவு 8.20)

பை 5இல போட்டுப் பாத்தனான், 16 கேபி பக்கத்தில சுகமா ஓடுது. வாசிகசாலை மெஷினிலயும் சிட் பேக்கேஜை அப்பிடியே போட்டனான், திரும்பக் கட்டேல்லை. ஒரு பிள்ளை "கொளும்பு" எண்டு அடிச்சுப் பாத்தவ. கொழும்பு எண்டு முதலாவதா வந்தது.

#22 பனையோலை (திங்கள், காலை 6.40)

எஸ்390எக்ஸ் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் பாஸ். பதிவில் "பதிப்பு 1" என்று இருக்கிறது.